கோதுமைக்குள் ஒளிந்திருக்கும் புல்

கிட்டிப்புள் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். ஒரு சிறிய குச்சி. ஒரு நீண்ட கோல். வடஇந்தியாவில் இந்த விளையாட்டை 'குல்லி டண்டா' என்பார்கள். பஞ்சாபிலும் அரியானாவிலும் ஒரு புல்லுக்கும் இதே பெயர் வைத்திருக்கிறார்கள். நேராக ஒரு தண்டு. அதன் உச்சியில் முட்டை வடிவத்தில் குட்டையான ஒரு கதிர். பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் தெரியும். மண்டூசி, கங்கி என்றும் இதைச் சொல்வார்கள். அறிவியல் நூல்களில் இதன் பெயர் 'ஃபேலாரிஸ் மைனர்'.

பெயரில்தான் விளையாட்டு. கோதுமை விவசாயிக்கு இந்தப் புல் பெரிய எதிரி. கடன் வாங்கிப் பயிர் செய்தவரின் வயலில் கோதுமைக்குப் பதிலாக இது விளைந்து நின்ற காலம் உண்டு. எத்தனை விலை கொடுத்து மருந்து வாங்கித் தெளித்தாலும் சாகாமல் நின்ற காலம் உண்டு. ஒரு புல்லுக்கு அந்தச் சக்தி எப்படி வந்தது?

கண்ணை ஏமாற்றும் புல்

நம் நெல் வயலில் குதிரைவாலிப் புல் முளைக்கும். நாற்றாக இருக்கும்போது அது நெல் மாதிரியே இருக்கும். களை எடுக்கும் பெண்கள்கூடச் சில சமயம் ஏமாந்துபோவார்கள். குல்லி டண்டாவும் அப்படித்தான். இளம் பயிராக இருக்கும்போது கோதுமைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதே பச்சை, அதே நீண்ட இலை. கோதுமை தூர் கட்டும்போது இதுவும் தூர் கட்டும்.

ஆனால் இரண்டு அடையாளங்கள் உண்டு. செடியைப் பிடுங்கித் தண்டின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். குல்லி டண்டாவில் அந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கும். கோதுமையில் அப்படி இருக்காது. இலை தண்டோடு சேரும் இடத்தையும் பார்க்கலாம். கோதுமையில் அங்கே இரண்டு சிறிய காதுகள் போல நீட்டிக்கொண்டிருக்கும். புல்லில் அந்தக் காது இல்லை. ஆனால் ஏக்கர் கணக்கில் உள்ள வயலில் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்ப்பது யாரால் முடியும்? கதிர் வந்த பிறகுதான் களை தனியாகத் தெரிகிறது. அதற்குள் மண்ணில் போட்ட உரத்தில் அதன் பங்கை அது உறிஞ்சி முடித்திருக்கும்.

இன்னொரு தந்திரமும் அதற்கு உண்டு. கோதுமை அறுவடைக்குச் சற்று முன்பே அதன் விதை முற்றிவிடும். முற்றிய விதை பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும். ஒரு செடியில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். சித்திரை பிறக்கும் நேரத்தில் விவசாயி அரிவாளோடு வயலில் இறங்குகிறார். அடுத்த ஆண்டுக்கான களையை அந்தப் புல் அதற்கு முன்பே விதைத்து முடித்துவிட்டது!

எங்கிருந்து வந்தது?

இந்தப் புல்லின் தாயகம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள். அங்கே மழையும் குளிரும் ஒன்றாக வரும். அந்தக் குளிர்காலத்தில் முளைத்து, வெயில் ஏறும் முன் விதை போட்டுவிட்டுச் செத்துவிடும். கோதுமையின் வாழ்க்கையும் அதேதான். அதனால் உலகத்தில் கோதுமை போன இடத்துக்கெல்லாம் இதுவும் பின்னாலேயே போனது. மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஈரான், பாகிஸ்தான் என்று பல நாடுகளில் இன்று இது களை.

இந்தியாவுக்கு எப்போது வந்தது? பஞ்சாபில் முதியவர்களைக் கேட்டால், "மெக்சிகோ கோதுமையோடு வந்தது" என்று சொல்வார்கள். அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

1960-களில் நம் நாட்டில் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்துகொண்டிருந்தது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் புதிய கோதுமை வகைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்ற அறிவியலாளர் குட்டைக் கோதுமையை உருவாக்கியிருந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. விளைச்சல் பெருகியது. பசுமைப் புரட்சி என்று அதைத்தான் சொல்கிறோம்.

அதன் பிறகுதான் குல்லி டண்டா பெருகியது. அதனால் விதையோடு சேர்ந்து களையும் கப்பலில் வந்தது என்று மக்கள் முடிவு செய்தார்கள். விதையோடு கொஞ்சம் வந்திருக்கவும் கூடும். ஆனால் இந்தப் புல் அதற்கு முன்பே இந்தியாவில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த இந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலிலேயே இதன் பெயர் இருக்கிறது. அப்படியானால் எழுபது ஆண்டுகள் சாதுவாக இருந்த புல், திடீரென்று ஏன் பொல்லாததாக மாறியது?

மாறியது புல் அல்ல. வயல்தான் மாறியது.

பழைய நாட்டுக் கோதுமை ஆள் மார்பளவு வளரும். அதன் நிழலில் சிறு களைகள் அமுங்கிப் போகும். புதிய கோதுமை குட்டை. களைக்கு மேலே வெயில் நன்றாகக் கிடைத்தது. முன்பு மானாவாரியாக இருந்த நிலங்களுக்குக் கால்வாய்த் தண்ணீரும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் வந்தன. உரம் மூட்டை மூட்டையாக வந்தது. தண்ணீரும் உரமும் கோதுமைக்கு மட்டும் என்று சீட்டு எழுதி ஒட்ட முடியுமா? களையும் பங்கு கேட்டது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. பஞ்சாபிலும் அரியானாவிலும் அதிகமாக நெல் பயிரிடாத காலம் ஒன்று இருந்தது. கோதுமைக்குப் பிறகு கம்பு, சோளம், பயறு, பருத்தி, கரும்பு என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். 1970-களிலிருந்து நெல்லும் கோதுமையுமே மாறி மாறி வந்தன. கோடையில் உதிர்ந்த குல்லி டண்டா விதை, காய்ந்த மண்ணில் கிடந்தால் அதில் பெரும்பகுதி கெட்டுப்போகும். நெல் வயலின் சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்தால் உயிரோடு தூங்கும். நெல்லை அறுத்துவிட்டு உழுதால் தூக்கம் கலைந்து மேலே வரும். குளிர்காலமும் வந்திருக்கும். பிறகென்ன? கோதுமையோடு சேர்ந்து முளைக்கும்.

மருந்து வந்தது

கையால் களை எடுத்தால் கூலி கட்டுபடியாகவில்லை. கோதுமையும் களையும் ஒரே மாதிரி இருப்பதால் எடுப்பதும் கடினம். இந்த நிலையில் 1970-களின் இறுதியில் 'ஐசோபுரோட்டூரான்' என்ற களை மருந்து வந்தது. தண்ணீரில் கலந்து வயல் முழுவதும் தெளிக்கலாம். கோதுமை பிழைக்கும். குல்லி டண்டா மஞ்சளாகிச் சாகும். விலையும் மலிவு. விவசாயிகளுக்கு மந்திரம் கிடைத்த மாதிரி இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் எல்லோரும் அதையே தெளித்தார்கள்.

இரண்டும் புல் இனம். ஒரே மருந்து இரண்டின் மேலும் படுகிறது. ஒன்று சாகிறது, ஒன்று பிழைக்கிறது. இது எப்படி?

இலைதான் செடியின் சமையலறை. வெயிலைக் கொண்டு அங்கே உணவு தயாராகிறது. ஐசோபுரோட்டூரான் அந்த அடுப்பை அணைத்துவிடும். கோதுமையின் அடுப்பையும் அது அணைக்கத்தான் பார்க்கும். ஆனால் கோதுமைக்கு ஒரு திறமை உண்டு. உள்ளே வந்த மருந்தை அது வேகமாக உடைத்துச் செரித்துவிடும். குல்லி டண்டாவால் அவ்வளவு வேகமாகச் செரிக்க முடியாது. அதனால் பட்டினி கிடந்து செத்துவிடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

1990-களின் தொடக்கத்தில் அரியானாவின் சில கிராமங்களில் விவசாயிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மருந்து அடித்தும் களை சாகவில்லை. கடைக்காரர் போலி மருந்து கொடுத்துவிட்டார் என்று சிலர் சண்டைக்குப் போனார்கள். சரியாகத் தெளிக்கவில்லை என்று கடைக்காரர்கள் பதில் சொன்னார்கள். கலப்பட மருந்தும் இருந்தது, அளவு குறைத்துத் தெளித்தவர்களும் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஹிசாரில் உள்ள அரியானா வேளாண் பல்கலைக்கழகத்தார் அந்த வயல்களின் களை விதையை எடுத்துவந்து முளைக்க வைத்தார்கள். சரியான மருந்தைச் சரியான அளவில் தெளித்தார்கள். அப்போதும் களை சாகவில்லை. சாதாரணக் களையைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கு மருந்து தேவைப்பட்டது. அவ்வளவு தெளித்தால் கோதுமையே தாங்காது.

நிலைமை வேகமாக மோசமானது. மிக மோசமான வயல்களில், ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் 2,000 முதல் 3,000 களைச் செடிகள் நின்றன. கோதுமை எங்கே மூச்சுவிடும்? சில விவசாயிகள் கதிர் முற்றாத பச்சைக் கோதுமையைக் களையோடு சேர்த்து அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். ஆறு மாத உழைப்பு, தீவனமாகப் போனது. 1990-களின் நடுவில் 8 முதல் 10 லட்சம் ஹெக்டேர் வரை, அதாவது 20 முதல் 25 லட்சம் ஏக்கர் வரை, இந்தத் தொல்லை பரவியதாக மதிப்பிட்டார்கள்.

புல்லுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

"மருந்தைக் குடித்துக் குடித்துக் களைக்குப் பழகிவிட்டது." இப்படித்தான் பலரும் சொல்வார்கள். கள் குடிப்பவருக்குக் கள் பழகுவது போல என்று நினைப்பார்கள். ஆனால் அப்படி இல்லை. ஒரு களைச் செடி தன் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் மருந்தைப் பார்க்கிறது. பழகுவதற்கு அதற்கு நேரம் ஏது? நடந்தது வேறு.

அதைப் புரிந்துகொள்ள எழுத்துகளிலிருந்து தொடங்கலாம். 'வண்டி' என்று எழுதிப் பாருங்கள். கடைசி எழுத்தை மட்டும் மாற்றி 'வண்டு' என்று எழுதுங்கள். ஓர் எழுத்துதான் மாறியது. மாடு இழுத்த வண்டி, பூவில் பறக்கும் வண்டாகிவிட்டது!

ஒவ்வொரு உயிரின் உடம்புக்குள்ளும் இப்படி ஓர் ஏடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய ஏடு. உடம்பு எப்படி அமைய வேண்டும், எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஏட்டில் ஒரு வேலைக்கான ஒரு பகுதியை 'மரபணு' என்கிறோம். நம் தமிழில் 247 எழுத்துகள். அந்த ஏட்டில் நான்கே எழுத்துகள்தான். மனிதனுக்கும் மாட்டுக்கும் புல்லுக்கும் அதே நான்கு எழுத்துகள்.

விதை உண்டாகும்போது தாய்ச் செடி தன் ஏட்டைப் பிரதி எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. கோடிக்கணக்கான எழுத்துகளைப் பார்த்து எழுதும்போது எங்காவது பிழை வரத்தானே செய்யும்? பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. சில பிழைகளால் செடி நோஞ்சானாகும். எப்போதோ ஒரு பிழை செடிக்கு உதவியாக அமைந்துவிடும். வேண்டுமென்று நடப்பதில்லை. மருந்து வருவதற்கு முன்பே அப்படிப்பட்ட செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கும். மருந்து இல்லாத காலத்தில் அவற்றுக்கு எந்த லாபமும் இல்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு பேச்சுக்குத்தான். ஒரு வயலில் 10 லட்சம் களைச் செடிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றே ஒன்றுதான் மருந்தைச் செரிக்கும் செடி. மருந்து தெளித்ததும் மற்றவை எல்லாம் சாகின்றன. அந்த ஒன்று பிழைத்து 200 விதை போடுகிறது. பாதி வீணாகிறது. அடுத்த ஆண்டு 100 செடி. பெரிய வயலில் 100 செடி யார் கண்ணில் படும்? அதற்கு அடுத்த ஆண்டு ஒவ்வொன்றும் 100 செடியானால் 10,000. "மருந்து சரியாகப் படவில்லை போலிருக்கிறது" என்று விவசாயி நினைப்பார். நான்காம் ஆண்டு 10 லட்சம்! வயல் பழையபடி களைக்காடு. ஆனால் இப்போது நிற்பவை எல்லாம் அந்த ஒரு செடியின் வாரிசுகள்.

உண்மையான வயலில் இது இவ்வளவு வேகமாக நடக்கவில்லை. மண்ணுக்குள் தூங்கும் பழைய விதைகளும் முளைத்துக் கலந்துகொண்டிருந்தன. அதனால் பத்துப் பதினைந்து ஆண்டு ஆனது. ஆனால் கணக்கின் போக்கு அதேதான். மருந்து களைக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. சாகக்கூடியதைக் கொன்று, சாகாததற்கு இடம் காலி செய்து கொடுத்தது.

நாட்டு மாட்டில் நல்ல பசுவின் கன்றைப் பொறுக்கி வளர்க்கிறோம். நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு எடுத்து வைக்கிறோம். பொறுக்குவதால் குணம் கூடுகிறது. களை மருந்தும் அதே பொறுக்கும் வேலையைத்தான் செய்தது. தெரியாமல் செய்தது.

கண்ணும் கையும்கூட இப்படிப் பொறுக்கும். நெல் வயலில் ஒளியும் குதிரைவாலிப் புல்லைப் பற்றிச் சீன அறிவியலாளர்கள் 2019-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். யாங்சி ஆற்றுப் பகுதியில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தப் புல் நெல்லைப் போல நிமிர்ந்து வளரத் தொடங்கியது என்று அதன் மரபணுக்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நெல்லைப் போல இல்லாத புல்லையெல்லாம் உழவர்கள் பிடுங்கி எறிந்தார்கள். நெல்லைப் போல இருந்தது தப்பியது. தலைமுறை தலைமுறையாக அதுவே பெருகியது.

சிலருக்கு இன்னொரு சந்தேகம் வரும். மருந்தைச் செரிக்கும் குணம் கோதுமைக்குத்தானே இருந்தது? கோதுமையோடு கலந்து களைக்கு அந்தக் குணம் வந்துவிட்டதோ? இல்லை. மரபணு ஏடு, குரோமோசோம் என்ற கட்டுகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கோதுமைக்கு 42 கட்டு. குல்லி டண்டாவுக்கு 28 கட்டு. இரண்டும் வேறு வேறு பேரினத்துப் பிள்ளைகள். கலந்து விதை பிடிக்காது. களைக்கு அந்தத் திறமை தனியாகத்தான் கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் இதை உறுதி செய்ய ஒரு சோதனை செய்தார்கள். செரிக்கும் வேலையைத் தடுக்கும் ஒரு பொருளை மருந்தோடு சேர்த்துத் தெளித்தார்கள். சாகாத களை மறுபடி வாடத் தொடங்கியது.

இந்தப் புல் பெரும்பாலும் தன் மகரந்தத்தைக் கொண்டே தான் விதை பிடிக்கும். வெளி மகரந்தம் கலப்பது குறைவு. அதனால் தாய்க்கு உள்ள குணம் பிள்ளைக்கு நீர்த்துப்போகாமல் அப்படியே போய்ச் சேர்கிறது. காற்றில் பறக்கும் மகரந்தத்தைவிட விதைதான் இந்தக் குணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. பக்கத்து வயலிலிருந்து பாயும் தண்ணீரில் போகும். நன்றாக மட்காத எருவில் போகும். சுத்தம் செய்யாத விதைக் கோதுமையில் போகும். வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரத்தின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்கே போகும்.

அடுத்த மருந்து, அடுத்த பாடம்

ஐசோபுரோட்டூரான் தோற்றதும் 1997-98-ல் புதிய மருந்துகளைப் பரிந்துரைத்தார்கள். குளோடினாஃபாப், ஃபெனாக்ஸாபிராப், சல்ஃபோசல்ஃபியூரான் என்பவை அவை. களை மீண்டும் செத்தது. விளைச்சல் மீண்டது. ஆனால் செலவு கூடியது. சல்ஃபோசல்ஃபியூரான் தெளித்த நிலத்தில் அடுத்துச் சோளமோ மக்காச்சோளமோ போட்டால் மண்ணில் மிச்சமிருக்கும் மருந்தால் அது பாதிக்கப்படும். அது தனித் தொல்லை.

பத்து ஆண்டுகளுக்குள் இந்த மருந்துகளும் பல வயல்களில் தடுமாறின. இந்த முறை களையின் வழி வேறு. குளோடினாஃபாப் மருந்தை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குக் கொழுப்புத் தயாரிக்க ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தில் உள்ள பூட்டில் இந்தச் சாவி போய் மாட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறிய செடிகள் சில இருந்தன. வண்டி வண்டானது போல, பூட்டின் வடிவம் சற்று மாறிவிட்டது. சாவி நுழையவில்லை. புரதம் மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது. மெக்சிகோ, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா, ஈரான் நாடுகளிலும் இந்தக் களை இந்த வகை மருந்துகளுக்குச் சாகாமல் நின்றிருக்கிறது.

சில வயல்களில் இன்று மூன்று வகை மருந்துக்கும் சாகாத குல்லி டண்டா இருக்கிறது. அதற்குப் பிறகும் புதிய மருந்துகள் வந்துள்ளன.

மருந்து வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அது ஆளைக் கவரும் பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். ஐந்து கம்பெனி, ஐந்து பெயர், உள்ளே ஒரே மருந்து என்பது சாதாரணம். போன ஆண்டு ஒரு டப்பா, இந்த ஆண்டு வேறு டப்பா வாங்கினால் மருந்தை மாற்றிவிட்டதாக விவசாயி நம்புவார். களைக்கோ அதே மருந்துதான். சிறிய எழுத்தைப் படிப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். குளோடினாஃபாப், ஃபெனாக்ஸாபிராப் இரண்டும்கூட வேறு பெயர்தான். ஆனால் இரண்டும் ஒரே பூட்டுக்கான சாவிகள். ஒன்றுக்குப் பதில் மற்றது போட்டாலும் பயன் குறைவு. எந்த வகை மருந்து என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்து இல்லாமலும் மடக்கலாம்

1990-களின் பிற்பகுதியில் அரியானாவில் ஒரு புதுமையைச் செய்து பார்த்தார்கள். நெல் அறுத்த வயலை உழவே இல்லை. உழாமலே, நெல் தாளுக்கு இடையே கீறி விதையையும் உரத்தையும் போடும் கருவியால் கோதுமையை விதைத்தார்கள். "உழாமல் விதைப்பதா? சோம்பேறி வேலை!" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். கோதுமை வந்தது. களை குறைந்தது.

காரணம் எளிது. மண்ணைப் புரட்டாததால் உள்ளே தூங்கும் களை விதை மேலே வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. உழவுக்கு ஆகும் நாட்கள் மிச்சமானதால் ஐப்பசியிலேயே விதைக்க முடிந்தது. அப்போது மண்ணில் இன்னும் சூடு இருக்கும். குல்லி டண்டாவுக்கு முளைக்கக் குளிர் வேண்டும். குளிர் வருவதற்குள் கோதுமை எழுந்து நிலத்தை மூடிவிடும். பிந்தி முளைக்கும் களை நிழலில் நலிந்துபோகும். டீசலும் மிச்சம்.

நெல் வைக்கோலைக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்பிவிட்டு, அதற்குள் விதைக்கும் கருவியும் பிறகு வந்தது. வைக்கோல் மூடிய இடத்தில் களை குறைவாகவே முளைக்கிறது. பஞ்சாபிலும் அரியானாவிலும் வைக்கோலைக் கொளுத்தும் புகை டெல்லிவரை போய் மூச்சுத் திணற வைப்பது ஆண்டுதோறும் செய்தியில் வருகிறது. அந்தக் கருவியால் இரண்டு தொல்லைக்கும் ஓரளவு வழி கிடைக்கிறது. ஆனால் கருவியின் விலை சிறு விவசாயியின் கைக்கு எட்டாது. வாடகைக்குக் கிடைத்தால்தான் உண்டு.

பழைய வழிகளும் இருக்கின்றன. விதைப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீர் பாய்ச்சிக் களையை முளைக்க விடுவது, முளைத்ததை அழித்துவிட்டு விதைப்பது ஒரு வழி. கோதுமைக்குப் பதிலாக ஓர் ஆண்டு பர்சீம் என்ற தீவனப் பயிர் போடுவது இன்னொரு வழி. பர்சீமைப் பலமுறை அறுப்பார்கள். ஒவ்வொரு முறையும் களையின் தலையும் சேர்ந்து போகும். விதை போடவே அதற்கு வாய்ப்பு இருக்காது. கரும்பு, உருளைக்கிழங்கு, சூரியகாந்தி என்று பயிரை மாற்றிப் போட்ட விவசாயிகளின் வயலில் மருந்துக்குச் சாகாத களை குறைவாக இருந்ததை அந்தக் காலத்திலேயே கவனித்தார்கள். ஆனால் அரசு நல்ல விலைக்கு வாங்குவது கோதுமையையும் நெல்லையும்தான். விலை நிச்சயம் இல்லாத பயிரைப் போடு என்று கடன்காரரிடம் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் விடை கிடைக்காது.

மாசி மாதத்தில் குல்லி டண்டா கதிர் தள்ளும். அப்போது அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மருந்துக்குத் தப்பிய செடிகள் ஏக்கருக்குக் கொஞ்சம்தான் நிற்கும். "இந்த நாலு செடியால் என்ன குறையப் போகிறது?" என்று விட்டுவிடுவது வழக்கம். இந்த ஆண்டு விளைச்சலுக்கு அவற்றால் பெரிய குறை இல்லைதான். ஆனால் கணக்கில் பார்த்த அந்த ஒற்றைச் செடி இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அதனால்தான் விதை உதிரும் முன் அவற்றைக் கையால் பிடுங்கச் சொல்கிறார்கள். பிடுங்கியதை வரப்பில் போடக் கூடாது, வாய்க்காலில் எறியக் கூடாது. விதை முற்றாதது என்றால் மாட்டுக்குப் போடலாம். முற்றியிருந்தால் சாணத்தோடு வயலுக்கே திரும்பி வரும். அதை ஓர் ஓரமாகக் குவித்து எரித்துவிட வேண்டும்.